ஐந்து என்று சொன்ன உம்மு குல்சூம்

நான் மன்னார்க் கச்சேரி வாசலில் மனு எழுதிக் கொடுக்கிறவன். பதினாறு வருஷமாக இதே வேலை. காணி வேண்டும், கிணறு வேண்டும், துவக்குக்கு லைசென்ஸ் வேண்டும், மகனுக்கு உத்தியோகம் வேண்டும் என்று வந்து நிற்கிற எத்தனையோ பேருக்காக "கனம் பொருந்திய துரை அவர்கள் சமுகத்துக்கு" என்று தொடங்கி எழுதியிருக்கிறேன். எழுதி எழுதிக் கண்டது ஒன்றுதான். எந்த மனுவையும் கசக்கிப் பிழிந்தால் அடியில் ஒரு உடம்பு கிடக்கும். அதற்குப் பசிக்கும், தாகமெடுக்கும், நித்திரை வரும், துணை தேடும். மிச்சமெல்லாம் நாங்கள் மேலே பூசுகிற சுண்ணாம்பு. இதைச் சொன்னால் பெரிய மனிதர்களுக்குக் கோபம் வருகிறது. வரட்டும், எனக்கென்ன.

உம்மு குல்சூமுக்கு நான் ஒரு மனுவும் எழுதியதில்லை. அவள் எவரிடமும் எதையும் கேட்டவள் அல்ல. போன மாதம் எங்கள் ஊரில் மௌத்தாகி அடக்கமானாள். ஊர் அவளைப் பற்றி இரண்டு கதை வைத்திருக்கிறது. ராசியில்லாதவள் என்பது ஒன்று. பெற்ற மகளின் கலியாணத்தை ஒரே சொல்லில் உடைத்தவள் என்பது மற்றது. உடைந்த அந்தக் கலியாணத்தில் மாப்பிள்ளையாக உட்கார இருந்தவன் நான்தான், சரிபுதீன். ஆகவே இதைச் சொல்ல என்னைவிட உரிமை உள்ளவன் ஊரில் இல்லை.

எங்கள் ஊர் முசலிப் பக்கம். நான் பிறந்த கையோடு மறிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பு நடந்தது. வெறும் மணலில் ஓலைக் கொட்டகைகள் எழும்பி, எங்கெங்கோ இருந்தெல்லாம் சனம் வந்து, இரண்டு மாதத்துக்கு ஒரு பட்டணமே அங்கே குந்தியிருந்தது. சிப்பி அழுகுகிற நாற்றம் காற்றில் எங்கள் அடுப்படி வரைக்கும் வரும். ஊரில் காலும் கையும் உள்ள எல்லாரும் அங்கே ஓடினார்கள். என் வாப்பா சனூன், வள்ளத்தில் கயிறு பிடிக்கப் போய் அங்கேயே தங்கிவிட்டார். வாப்பாவின் ராத்தா, அவருக்கு மூத்த சகோதரி செய்னம்பு மாமி, விடிய எழும்பி இடியப்பம் அவித்துக் கடகத்தில் வைத்துத் தலையில் சுமந்துகொண்டு மூன்று கட்டை தூரம் நடந்துபோய் விற்றுவிட்டு, பின்னேரம் அசர் தொழுகை நேரத்துக்குத் திரும்புவாள். புருஷனை இழந்தவள். எங்கள் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். வீட்டில் மிஞ்சுவது என் உம்மா நசீறாவும் மூன்று மாதப் பிள்ளையான நானும்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஆதம்பாவாவின் வளவு. அவருடைய பெண்சாதிதான் உம்மு குல்சூம். அப்போது பத்தொன்பது வயது. தலைப்பிள்ளை ஆண். நாற்பது கழிந்து ஒரு கிழமைக்குள் காய்ச்சல் வந்து, மூன்றாம் நாள் பிள்ளை போய்விட்டது. அடக்கிவிட்டு வந்த ஆண்கள் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு நிற்கும்போதே அவளுக்குப் பால் கட்டத் தொடங்கிவிட்டதாம்.

பிள்ளை இல்லை என்பது அவளுடைய மனத்துக்குத் தெரியும். உடம்புக்கு அதை யார் சொல்வது? மல்லிகைப்பூவை அரைத்து வைத்துக் கட்டினார்கள். துணியை இறுக்கிச் சுற்றினார்கள். கஞ்சியைக் குறைத்தார்கள், தண்ணீரைக் குறைத்தார்கள். அவள் பிழிந்து பிழிந்து கால் படாத இடமாகப் பார்த்து முருங்கையடியில் ஊற்றினாள். ஊற்ற ஊற்ற ஊறியது. நெஞ்சு கல்லாகிக் காய்ச்சல் அடித்தது. சட்டை உரசினாலே உயிர் போகுமாம். ஆதம்பாவா பாவம், நல்ல மனுஷன். ஆனால் இதற்கு ஆண்பிள்ளை என்ன செய்ய முடியும்? அவரும் முத்துக்குளிப்புக்கு விறகு ஏற்றப் போய்விட்டார்.

இந்த நேரத்தில்தான் செய்னம்பு மாமி தன் சட்டத்தைப் போட்டாள். "பிள்ளை தங்காத மடி. எங்கட பிள்ளையில அவட கண் படக்குடாது" என்று சொல்லி, இரண்டு வளவுக்கும் போய்வருகிற வேலிப் பொட்டை, அந்தச் சின்னத் திறப்பை, முள்ளுக் கிளை அலம்பல் வைத்து அடைத்தாள். என் உம்மா அதைத் தடுக்கவில்லை. தலைப்பிள்ளைக்காரி, பயந்திருப்பாள். அவளை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இதைச் சொல்லாமல் விடவும் மாட்டேன்.

பத்து நாள் போகவில்லை, என் உம்மாவுக்குக் குளிர்காய்ச்சல் பிடித்தது. பாயில் போட்டு உலுப்பியது. பிதற்றத் தொடங்கினாள். பால் வற்றிவிட்டது. மாமி ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து துணித்திரியில் நனைத்து என் வாயில் வைத்தாள். எனக்கு வயிற்றாலே போனது. பிறகு பனங்கற்கண்டுத் தண்ணீர். அதுவும் தங்கவில்லை. மாமி விடிய என்னை உம்மாவின் பக்கத்தில் கிடத்திவிட்டு இடியப்பக் கடகத்தோடு போய்விடுவாள். அவளைக் கொடுமைக்காரி என்று நினைக்க வேண்டாம். அந்த வருஷம் மழை பொய்த்து வயல் ஒன்றும் தரவில்லை. அந்தக் கடகம் போகாவிட்டால் எங்கள் அடுப்பு எரியாது. மூன்று உயிரின் வயிறு அவள் தலையில் இருந்தது.

நான் இரண்டு நாள் கத்தினேனாம். மூன்றாம் நாள் மத்தியானம் கத்து முனகலாகிவிட்டது. உம்மு குல்சூம் அந்தப் பக்கம் திரிகையில் குரக்கன் திரித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை கத்தும்வரை பயமில்லை, கத்துகிற பிள்ளை முனகத் தொடங்கினால்தான் பயம் என்று பிற்காலத்தில் என்னிடம் சொன்னாள். முனகல் கேட்டதும் அவளுடைய சட்டை இரண்டு பக்கமும் நனைந்துவிட்டது. சீலைத் தலைப்பைக் காதில் அடைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். அங்கேயும் நனைந்தது. தானாடாவிட்டாலும் தன் சதையாடும் என்று சொந்தபந்தத்துக்குச் சொல்வார்கள். நான் அவளுக்குச் சதையுமில்லை, இரத்தமுமில்லை. ஆடியது.

கத்தி எடுக்கப் போனால் மனம் மாறிவிடும் என்று வெறுங்கையாலே அலம்பலை இழுத்துப் போட்டாள். வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை முள் கிழித்தது. பொட்டுக்குள்ளால் வந்து என்னைத் தூக்கினாள். எனக்கு உறிஞ்சவும் சத்தில்லை. அவள்தான் பிழிந்து வாயில் விட்டாளாம். பிறகு பிடித்துக்கொண்டேன். என் உம்மா காய்ச்சலுக்குள் "ஆரது?" என்று கேட்டிருக்கிறாள். "நான்தான், செய்னம்பு" என்று இவள் சொன்னாள். அந்தப் பொய் தன்னைக் கடைசிவரை உறுத்தியது என்பாள். நான் தானாக வாயை எடுத்துவிட்டுத் தூங்கிய பிறகு கிடத்திவிட்டு, அலம்பலைத் திரும்ப வைத்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்த நாளும் மத்தியானம் லுகர் தொழுகை முடிந்த நேரம் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். அப்படி ஐந்து நாள். அதற்குள் உம்மாவின் காய்ச்சல் விட்டது, பால் சுரந்தது, மாமி எங்கள் பிழைப்புக்கு அல்லாஹ்வையும் ஆட்டுப்பாலையும் புகழ்ந்தாள்.

இங்கே ஒரு விஷயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் மார்க்கத்தில் ஒருத்தி இன்னொருத்தியின் பிள்ளைக்குப் பால் கொடுத்தால் அந்தப் பிள்ளை அவளுக்கும் பிள்ளை. அவள் பெற்ற பிள்ளைகள், இனிப் பெறப்போகிற பிள்ளைகள் எல்லாரும் அதற்குக் கூடப்பிறந்தவர்கள். அவர்களுக்குள் கலியாணம் கூடாது, ஹறாம். எங்கள் மத்ஹபுச் சட்டத்தில் அதற்குக் கணக்கு ஐந்து. ஐந்து தரம், தரத்துக்குத் தரம் பிள்ளை குடித்துத் தானாக வாயை எடுக்க வேண்டும். நாலு தரம் கொடுத்தால் உறவில்லை. ஆகவே கொடுக்கிறவள் புருஷனைக் கேட்டுக்கொண்டு, நாலு பேருக்குத் தெரியச் சொல்லிக் கொடுப்பதுதான் முறை. உம்மு குல்சூம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் செய்னம்பு மாமி என்னைக் கொண்டுபோய்க் கடலில் கழுவியிருப்பாள். இந்த இரண்டு வீட்டுக்கும் சம்பந்தம் என்று ஒன்று வரப்போகிறதா என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதுதான் அவள் விட்ட பிழை.

இரண்டு வருஷத்தில் அவளுக்குப் பரீனா பிறந்தாள். அதற்குப் பிறகு பிள்ளை இல்லை.

நான் வளர்ந்தேன். அந்த மனுஷி எங்கள் வீட்டுப் பக்கம் வரமாட்டாள். ஆனால் தெருவில் என்னைக் கண்டால் நின்று பார்ப்பாள். எனக்கு மீசை அரும்பிய பிறகும் நான் கடந்து போகும்போது முக்காட்டை இழுத்து விடமாட்டாள். மற்ற ஆண்கள் ஒரு பனை தூரத்தில் வந்தாலே முகத்தை மூடுகிறவள் என் முன்னால் மட்டும் அப்படியே நிற்பாள். "வெக்கம் கெட்டவள்" என்று என் உம்மா வைவாள். எனக்கும் அவளைக் கண்டால் ஒரு மாதிரித்தான் இருக்கும்.

பதினெட்டு வருஷம் கழித்துக் கடல் மறுபடியும் முத்துக் கொடுத்தது. அதற்குள் செய்னம்பு மாமி மௌத்தாகி, வேலிப் பொட்டும் திறந்திருந்தது. நான் முத்துக் குளிக்கப் போனேன். கல்லைக் காலில் கோத்துக்கொண்டு இறங்கினால் அடியில் மனிதனுக்கு வேறு நினைவே இல்லை. இன்னும் நாலு சிப்பி பொறுக்கலாம் என்று புத்தி சொல்லும். ஆனால் புத்தி சொல்லி முடிக்குமுன் கை கயிற்றை இழுத்துவிடும். நான் இழுக்கவில்லை, கை இழுத்தது. இதை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். மூச்சு முட்டும்போது முத்து வெறும் கல்.

ஒரு மத்தியானம் கொட்டகையில் இருந்து ஊருக்கு நடந்து வந்தேன். தொண்டை ஒட்டிவிட்டது. எங்கள் கிணறு வற்றிக் கிடந்ததால் ஆதம்பாவாவின் கிணற்றடிக்குப் போனேன். பரீனா பனையோலைப் பட்டையில் அள்ளி வார்த்தாள். இரண்டு கையையும் ஏந்திக் குடித்தேன். குடித்து முடித்தும் கையை எடுக்கவில்லை, அவளும் வார்ப்பதை நிறுத்தவில்லை. தண்ணீர் முழங்கையால் வழிந்து மண்ணில் ஓடியது. இதில் பாட்டுக்கட்ட ஒன்றும் இல்லை. எனக்குப் பதினெட்டு, அவளுக்குப் பதினாறு. உடம்பு தன் வேலையைப் பார்த்தது. அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை, நித்திரை வரவில்லை. பரீனா வேறெவனையும் கட்டமாட்டேன் என்று தன் வாப்பாவிடமே சொல்லிவிட்டாள். எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் கலியாணமாகாத ஒரு குமர் அப்படிச் சொல்வதென்றால் எவ்வளவு துணிவு வேண்டும்!

என் உம்மா பெண் கேட்டுப் போனாள். ஆதம்பாவாவுக்குச் சந்தோஷம். உம்மு குல்சூம் மட்டும் முடியாது என்றாள். ஏன் என்று கேட்டால் முடியாது என்பதையே திரும்பச் சொன்னாள். இரண்டாம் தரம் போனாள். அதே பதில். "பழசை மனசில வச்சுப் பழி தீர்க்கிறா" என்று உம்மா வந்து அழுதாள். எனக்கு அப்போதே முன்கோபம் அதிகம். நேரே கிணற்றடிக்குப் போனேன். அவள் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றாள். நாலு பெண்கள் கேட்டுக்கொண்டு நிற்க, செய்னம்பு மாமி சொன்ன அதே சொல்லை நான் சொன்னேன். "பிள்ளை தங்காத மடி. உன்ர பிள்ளையும் வாழக்குடாது, ஊரான் பிள்ளையும் வாழக்குடாது உனக்கு."

அவள் பட்டையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். அந்தச் சொல்லை எடுத்து விழுங்க வழி இருந்தால் இன்றைக்கும் விழுங்குவேன்.

ஆதம்பாவா அவளுடைய பேச்சைத் தள்ளிவிட்டு மஹர் பேச நாள் வைத்தார். அவளிடம் அவர் கடைசியாகக் கேட்டாராம், காரணம் இருந்தால் சொல் என்று. அவள் பள்ளிவாசல் லெவ்வையிடம் சொல்கிறேன் என்றாள்.

அன்று வாப்பாவும் ஆதம்பாவாவும் நானும் மற்ற ஆண்களும் விறாந்தையில் இருந்தோம். லெவ்வை கதிரையில் இருந்தார். பெண்கள் உள்ளே, திரைக்குப் பின்னால். எனக்குப் புதுச் சாறம், புதுத் தொப்பி. லெவ்வை பாத்திஹா ஓதக் கையை உயர்த்தியபோது திரைக்குப் பின்னால் இருந்து அவளுடைய குரல் வந்தது.

"லெவ்வை, அந்தப் பிள்ளைக்கு நான் பால் குடுத்தனான்."

லெவ்வையின் கை இறங்கியது. பிறகு அவள் முத்துக்குளிப்பு வருஷத்தைச் சொன்னாள், என் உம்மாவின் காய்ச்சலைச் சொன்னாள், அலம்பலைச் சொன்னாள். உள்ளே என் உம்மா "யா அல்லாஹ்" என்று சுவரில் சாய்ந்துவிட்டாள். மாமி வந்ததாக நினைத்த கை யாருடையது என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும்.

லெவ்வை நல்லவர். உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. "எத்தினை தரம், மகள்?" என்று கேட்டார்.

அங்கே இருந்த எல்லாருக்கும் கணக்குத் தெரியும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆதம்பாவா தொண்டையைச் செருமினார். என் உம்மா உள்ளே இருந்து, பதினெட்டு வருஷமாச்சே, யாருக்கு நினைவிருக்கும் என்று அழுகையோடு கேட்டாள். லெவ்வையும் வழி விட்டார். "இதுக்கு வேற சாட்சி இல்லை. உங்கட சொல்லுத்தான். நினைவில்லாட்டி நினைவில்லை எண்டு சொல்லுங்கோ, குற்றமில்லை. யோசிச்சுச் சொல்லுங்கோ."

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரைக்குக் கீழே அவளுடைய பாதம் தெரிந்தது. அந்தப் பாதத்தை இரண்டு கைகள் பிடித்துக்கொண்டிருந்தன. மருதோன்றி போட்ட கைகள். பரீனாவின் கைகள். பெற்ற மகள் காலைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள். நாலு என்று சொன்னால் போதும். நாலு என்று சொல், நாலு என்று சொல் என்று நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அஞ்சு" என்றாள்.

"ஒவ்வொரு தரமும் பிள்ளை தானா வாய் எடுத்ததோ?"

"ஓம்."

லெவ்வை எழும்பினார். இவர்கள் இரண்டு பேரும் நானா தங்கச்சி, இந்தப் பேச்சை இனி எடுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீரும் குடியாமல் போய்விட்டார்.

பரீனா மூன்று நாள் சாப்பிடவில்லை. நாலாம் நாள் பசித்தது, சாப்பிட்டாள். நானும் அப்படித்தான். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான். அடுத்த வருஷம் அவளை விடத்தல்தீவில் கட்டிக் கொடுத்தார்கள். ஆதம்பாவா பெண்சாதியோடு ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தன்னிடம் கேட்காமல் கொடுத்ததற்கா, கொடுத்ததைச் சொன்னதற்கா என்று அவருக்கே தெரிந்திருக்காது. என் உம்மா அவளை வைதுகொண்டே செத்தாள். உயிரைக் கொடுத்தவளுக்கு ஒரு நன்றி சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தன் பிள்ளையைத் தான் காப்பாற்றவில்லை என்பதை ஏற்றுக்கொள்ள எந்தத் தாய்க்கு வாய் வரும்? நான் ஊரை விட்டு மன்னாருக்கு வந்தேன். ஊர் என்ன கதை வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

மன்னாருக்குப் பக்கத்துத் தாராபுரத்தில் கலியாணம் செய்தேன். நல்லவள். எங்களுக்கு மூத்தவன் பிறந்து இரண்டு மாதம் இருக்கும், ஒருநாள் பக்கத்து வளவில் யாரோ ஒருவருடைய பிள்ளை கத்தியது. என் பெண்சாதி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். சட்டை நனைந்துவிட்டது. "இதைப் பாருங்கோ, ஆர்ர பிள்ளைக்கோ!" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழும்பி வெளியே போய்விட்டேன். உம்மு குல்சூமின் மேல் நான் வைத்திருந்த கோபத்தில் முதல் கல் அன்றைக்குத்தான் கழன்றது.

ஆனாலும் போய்ப் பார்க்கவில்லை. வீம்பு. அதோடு எனக்கு ஒரு சந்தேகமும் இருந்தது. மனு எழுதுகிறவனுடைய சந்தேகம். மற்றவன் கேட்பதற்கு அடியில் என்ன கிடக்கிறது என்று தோண்டிப் பழகியவன் நான். ஆண்பிள்ளை இல்லாதவள் அவள். அல்லாஹ்வுக்குப் பயந்து ஐந்து என்றாளா, மகன் ஆசையில் ஐந்து என்றாளா?

வெள்ளைக்காரருக்கும் ஜப்பான்காரருக்கும் யுத்தம் வந்தது. அரிசி கூப்பனுக்கு வந்துவிட்டது. ஆதம்பாவா மௌத்தான செய்தி கேள்விப்பட்டும் போகவில்லை. விதவை வீட்டோடு இருக்கவேண்டிய இத்தாவின் நாலு மாதமும் பத்து நாளும் கழிந்த பிறகு ஒருநாள், வெயில் கொளுத்துகிற நேரம், கச்சேரி வாசலில் சனத்துக்குள் முகத்தை முழுக்க மூடிய ஒரு கிழவி நின்றாள். வரிசை முடியும்வரை ஒதுங்கி நின்று, எல்லாரும் போனபின் என் மேசைக்கு முன்னால் வந்தாள். நான் நிமிர்ந்து பார்க்காமலே என்ன மனு என்று கேட்டேன். பிறகு நிமிர்ந்து பார்த்தேன். அவள் முக்காட்டைத் தோளுக்குத் தள்ளிவிட்டு நின்றாள்.

அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கியது. நான் மீசை வைத்த காலத்திலும் அவள் ஏன் மூடவில்லை என்பதும் விளங்கியது. மகன் முன்னால் யார் மூடுவார்கள்?

"மனு இல்லை" என்றாள். "பாத்திட்டுப் போக வந்தனான்."

சிலாவத்துறையில் இருந்து லொறியில் வந்திருக்கிறாள். விடிய வெளிக்கிட்டவள். சாப்பிட்டீங்களா என்று கேட்டேன். அவள் ஓம் என்று சொல்லப் பார்த்தாள், வயிறு விடவில்லை. வீட்டுக்குக் கூட்டிப் போனேன். கூப்பன் அரிசிச் சோறும் மீனாணமும். அவள் தலை நிமிராமல் சாப்பிட்டாள். வலது கையில் மணிக்கட்டில் இருந்து முழங்கை வரை அந்தக் கீறல் வெள்ளையாகக் கிடந்தது. இன்னும் கொஞ்சம் வையுங்கோ என்று என் பெண்சாதியிடம் கண்ணால் காட்டினேன்.

கை கழுவிய பிறகு கேட்டேன். வேறு எப்படிக் கேட்பது, நேரே கேட்டேன். அன்றைக்கு ஏன் ஐந்து என்றீர்கள் என்று.

"அஞ்சு எண்டபடியால்" என்றாள். பிறகு அவளாகவே சொன்னாள்.

"நாலு தரம் உனக்குப் பசி, மகன். அஞ்சாம் நாள் உனக்குப் பசி இல்லை. உன்ர உம்மாக்குக் காய்ச்சல் விட்டிட்டு, விடியவே அவ குடுத்திட்டா. அவ நித்திரை. நீ முழிச்சுக் கிடந்து சிரிச்சாய். நான் வந்த வழியால திரும்பியிருக்கலாம். எனக்குத்தான் ஏலாமப் போச்சு. மாரும் நொந்துது, கையும் வெறுங்கையா இருந்துது. தூக்கிட்டன். நீ எனக்காகக் குடிச்சாய்."

நான் மனு எழுதுகிறவன் அல்லவா, வாய் சும்மா இருக்குமா? பசியில்லாத பிள்ளைக்குக் கொடுத்ததை ஏன் கணக்கில் எடுத்தீர்கள், அதைச் சொல்லியே லெவ்வையிடம் தப்பியிருக்கலாமே என்றேன்.

"குடிச்சனிதானே. தானா வாயும் எடுத்தனி. கணக்குக் கணக்குத்தான்." சீலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள். "நாலு எண்டு சொல்ல எனக்கும் நாக்கு வரையும் வந்தது, மகன். பரீனா காலைப் பிடிச்சுக்கொண்டிருந்தா. ஆனா மற்ற நாலும் உனக்காகப் போனது. அந்த அஞ்சாவதுதான் எனக்காகப் போனது. அது நடக்கயில்லை எண்டு நான் எப்பிடிச் சொல்லுவன்?"

என் சந்தேகத்துக்கு அதுதான் பதில். அல்லாஹ்வின் மேலுள்ள பயமும் அவளுடைய பசியும் ஒரே எண்ணில் வந்து நின்றிருக்கின்றன. எதை எதிலிருந்து பிரிக்கிறது? நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கிணற்றடியில் சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டேன். எந்தச் சொல் என்று கேட்டாள். மறக்கவில்லை, எனக்காகக் கேட்டாள். அன்றிலிருந்து நான் அவளை உம்மா என்றே கூப்பிட்டேன்.

ஒரு வருஷம் போல இருந்தாள். மாதம் ஒருதரம் நான் போவேன். போன மாதம் காய்ச்சல் என்று சொல் வந்து, நான் போய்ச் சேர்ந்தபோது உயிர் பிரிந்து மையித்தாகத்தான் கிடந்தாள். விடத்தல்தீவுக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள். பரீனாவும் புருஷனும் வந்து சேர இன்னும் ஒரு நாள் ஆகும். வெயில் காலம், உடம்பு பொறுக்காது. அசர் தொழுகையோடு அடக்குவதென்று முடிவாயிற்று.

மையவாடியில் கபுறுக் குழி வெட்டியிருந்தது. பெண் மையித்தைக் கையில் வாங்கிக் கிடத்த, அவளை நிக்காஹ் செய்ய முடியாத உறவுள்ள ஆண்பிள்ளைதான் இறங்குவது வழக்கம். பழைய லெவ்வை காலமாகிவிட்டார். புதியவர் வெளியூர், எங்கள் கதை தெரியாது. சனத்தைப் பார்த்து, இறங்க உரித்தான ஆள் யார் என்று கேட்டார். எல்லாரும் மண்ணைப் பார்த்தார்கள். நான் செருப்பைக் கழற்றினேன்.

"நீங்க என்ன முறை?" என்று கேட்டார்.

"மகன்."

ஊரில் ஒருவரும் மறுக்கவில்லை. இறங்கினேன். மேலே இருந்து தந்தார்கள். இரண்டு கையாலும் வாங்கினேன். பாரமே இல்லை. வலப்பக்கம் சரித்து, கிப்லாவைப் பார்க்க முகத்தைத் திருப்பி, கன்னத்துத் துணியை விலக்கி மண்ணில் வைத்தேன்.

அவள் நாலு என்று சொல்லியிருந்தாலும் நான் அந்தக் குழிக்குள் இறங்கியிருப்பேன். மருமகனும் இறங்கலாம், மார்க்கத்தில் இடம் இருக்கிறது. கைப்பிடி மண்ணோடு மேலே ஏறும்போது அது எனக்கு நினைவு வந்தது. மருமகனாக இறங்கியிருந்தால் மண்ணைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். மகனாக இறங்கியதால் இரண்டு நாள் எனக்குப் பசிக்கவில்லை. மூன்றாம் நாள் பரீனா வந்து, "நானா, சாப்பிடுங்கோ" என்று சோற்றை முன்னால் வைத்தாள். சாப்பிட்டேன்.